வெளிநாட்டுல ஒரு கம்யூனிட்டி காலேஜ் ஆரம்பிக்கணுமா? கட்டடம் பாக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

போன மாசம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் டொராண்டோலேர்ந்து போன் பண்ணாரு. அவர் சம்பந்தப்பட்ட ரெண்டு வருஷ காலேஜ் ஒண்ணு வெளிநாட்டுல கிளை திறக்க யோசிக்குதாம், போர்டு மீட்டிங்குக்கு அவர் ஒரு பிளான் எழுதிக் குடுக்கணுமாம். எடுத்த உடனே கேட்ட கேள்வி, "தம்பி, இடத்தை வாடகைக்கு எடுக்கலாமா, இல்ல வாங்கிடலாமா?" ஒன்றரை மணி நேரம் பேசினோம், அதுல இடத்தைப் பத்தி பேசினது கடைசி அஞ்சு நிமிஷம்தான். நான் இந்த மாதிரி காலேஜ்கள்ல இன்டர்நேஷனல் ஆபீஸ்ல பல வருஷம் இருந்தவன், அவருக்கு சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிவா இங்க எழுதி வைக்கிறேன், வேற யாருக்காவதும் உதவும்.

கம்யூனிட்டி காலேஜ்னா என்னனு முதல்ல ஒரு வார்த்தை. நம்ம ஊர் கணக்குல ஐடிஐ, பாலிடெக்னிக், ஆர்ட்ஸ் காலேஜோட முதல் ரெண்டு வருஷம், சாயங்கால இங்கிலீஷ் கிளாஸ் இதெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா எப்படி இருக்கும், அதுதான். அமெரிக்காவுல 1901-ல ஜோலியட்ல ஆரம்பிச்ச பழக்கம். 60 கிரெடிட் (பாடங்களுக்குக் குடுக்குற புள்ளி) முடிச்சா அசோசியேட் டிகிரினு ரெண்டு வருஷப் பட்டம், அதை வச்சு நேரா வேலைக்கும் போலாம், யூனிவர்சிட்டில மூணாவது வருஷத்துலயும் சேரலாம். இந்தியாவுல இது தெக்க இருந்துதான் கிளம்புச்சு, 1995-ல புதுச்சேரி, 1996-ல சென்னை. சமுதாயக் கல்லூரினு சொன்னா அங்க நிறைய பேருக்குத் தெரியும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டுல கிளை திறக்குறது வியாபாரக் கணக்குலயும் வரும். உலக வர்த்தக அமைப்போட சேவை வர்த்தக ஒப்பந்தம் 1995-லேர்ந்து நடைமுறைல இருக்கு, அதுல கல்வியும் ஒரு சேவை, இன்னொரு நாட்டுல போய் கடை திறக்குற மாதிரி காலேஜ் திறக்குறதுக்கு மூணாவது வகைனு பேரு. ஆனா போர்டுல உக்காந்திருக்கறவங்க பாதிப் பேரு இதோட நின்னுடுறாங்க, அதாவது ஃபீஸ் வசூல்தான் வர்த்தகம்னு நினைச்சுக்குறாங்க. என் அனுபவத்துல பெரிய வர்த்தகம் அதுக்கு அப்புறம்தான் வருது. அங்க படிச்சு வெளிய வர்ற டெக்னீஷியன், வெல்டர், லேப் ஆளு, ஷிப்பிங் டாக்குமெண்ட் போடத் தெரிஞ்ச பொண்ணு, இவங்கள நம்பித்தான் ஒரு கம்பெனி அந்த ஊருக்கு மெஷினை இறக்கும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டா என்ன ஆகும்னு பாக்க ஜப்பான் கதையைத் தெரிஞ்சுக்கணும்.

80கள்ல அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் வர்த்தகப் பற்றாக்குறையால பயங்கர உரசல். 1985 செப்டம்பர்ல டாலர் மதிப்பைக் குறைக்க பெரிய நாடுங்க சேர்ந்து பிளாசா ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்கப்புறம் டாலருக்கு 240 யென் பக்கம் இருந்தது மூணு வருஷத்துக்குள்ள ஏறக்குறைய பாதியா ஆயிடுச்சு. ஜப்பான்காரங்க கையில காசு, அமெரிக்கப் படிப்பு திடீர்னு மலிவு. ரெண்டு நாட்டு அரசியல்வாதிங்களும் சேர்ந்து 1986-ல ஒரு வர்த்தக விரிவாக்கக் கமிட்டி போட்டாங்க, அமெரிக்கா பக்கம் கெப்ஹார்ட்னு ஒரு அரசியல்வாதி, ஜப்பான் பக்கம் நிகாய்டோ. அமெரிக்க காலேஜ்களை ஜப்பானுக்குக் கூட்டிட்டு வந்தா உரசல் குறையும்னு ஒரு யோசனை. சின்னச் சின்ன ஊர் நகராட்சிகள் நிலமும் கட்டடமும் குடுக்க வரிசைல நின்னாங்க. கொஞ்ச வருஷத்துக்குள்ள முப்பதுக்கும் மேல கிளைகள். சதர்ன் இலினாய் யூனிவர்சிட்டி 1988-ல நீகாட்டா பக்கம் நகாஜோவுக்குப் போச்சு, மினசோட்டாக்காரங்க 1990-ல அகிதாவுக்குப் போனாங்க, சியாட்டில் பக்கத்துலேர்ந்து எட்மண்ட்ஸ் கம்யூனிட்டி காலேஜ் கோபேவுக்குப் போச்சு.

அப்புறம்? முக்கால்வாசி மூடியாச்சு. மூணு காரணம் எனக்குப் படுது. ஒண்ணு, ஜப்பான் கல்வி அமைச்சகம் இந்தக் கிளைகளை யூனிவர்சிட்டினு ஏத்துக்கல, பையனுக்கு ரயில் பாஸ்ல மாணவர் சலுகை கூட கிடைக்கல, வெளிநாட்டுலேர்ந்து வர்ற பசங்களுக்கு ஸ்டூடன்ட் விசா குடுக்க முடியல. 1982-லேர்ந்து டோக்கியோவுல இருக்குற டெம்பிள் யூனிவர்சிட்டிக்கே அங்கீகாரம் 2005-லதான் வந்துச்சு. ரெண்டாவது, இங்கிலீஷ். சேர்ற பசங்களை நேரா காலேஜ் பாடத்துல உக்கார வைக்க முடியல, மொழி வகுப்புலயே ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போச்சு, அங்கயே பாதிப் பேரு கழண்டுக்கிட்டாங்க. மூணாவது யாரும் வேணும்னா முன்கூட்டியே எண்ணிப் பாத்திருக்கலாம். ஜப்பான்ல 18 வயசுப் பிள்ளைங்க எண்ணிக்கை 1992-ல சுமார் 20 லட்சத்தைத் தொட்டு அதோட இறங்க ஆரம்பிச்சது. 1992-ல 18 வயசாகப் போற குழந்தைங்க எல்லாரும் 1974-லயே பொறந்தாச்சு இல்லையா, அந்தக் கணக்கு அரசாங்க ஆபீஸ்ல இருந்துச்சு. அதனால எந்த நாட்டுக்குப் போறதா இருந்தாலும் அடுத்த பதினஞ்சு வருஷத்துக்கு 18 வயசு ஆகப் போறவங்க எத்தனை பேருனு பிறப்புக் கணக்கை வாங்கி மொதல்ல ஒரு தாள்ல எழுதுங்க, அது ஒரு நாள் வேலை.

இதுக்கு நேர் எதிர் சிங்கப்பூர். சுதந்திரம் கிடைச்ச கையோட அவங்களுக்கு ஃபேக்டரி வேணும், ஃபேக்டரிக்கு டூல் அண்ட் டை, அதாவது கருவியும் அச்சும் பண்ணத் தெரிஞ்ச ஆளு வேணும். அவங்க பொருளாதார வளர்ச்சிக் கழகம் 1972-ல டாடாவோட சேர்ந்து ஒரு பயிற்சி மையம் ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் ஜெர்மன் கேமரா கம்பெனி ரோலை, பிலிப்ஸ். இதுல இருக்குற சூட்சுமம் என்னன்னா கம்பெனி தனக்குத் தேவையான ஆளுங்களுக்கு மேலயே பயிற்சி குடுக்கணும், மிச்சம் இருக்கறவங்க மத்த கம்பெனிக்குப் போவாங்க. அந்த மிச்ச ஆளுங்களைக் காட்டித்தான் அடுத்த கம்பெனியைக் கூப்பிட்டாங்க. ரோலை கம்பெனி 1981-ல கைய விரிச்சிட்டுப் போனப்பவும் பயிற்சி வாங்கினவங்க ஊர்லயே இருந்தாங்க. பிறகு கம்பெனிக்குப் பதிலா நாட்டோட நாடு கைகோத்து ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் மூணும் ஆளுக்கொரு தொழில்நுட்ப நிலையம் வச்சாங்க. 90கள்ல அதெல்லாம் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குள்ள சேர்ந்துடுச்சு. வெளிநாட்டுக்காரன் பேரு வாசல் பலகைலேர்ந்து போச்சு, ஆனா அந்த மெஷின், அந்தப் பாடமுறை, அங்க படிச்சவன் கையில இருக்குற பழக்கம் இதெல்லாம் போகல. வர்த்தகத்துக்குக் கல்வி எப்படி உதவும்னு யாராவது கேட்டா நான் காட்டுறது இதைத்தான்.

ஸோ, முதல் வேலை முதலாளிங்களைப் பாக்குறது. நீங்க போகப் போற ஊர்ல இருபது கம்பெனியாவது நேர்ல போய்ப் பாருங்க, பெருசு மட்டும் இல்ல, முப்பது பேரு வேலை பாக்குற பட்டறை, குளிர்பதனக் கிடங்கு, கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட், தனியார் ஆஸ்பத்திரி லேப் எல்லாம். "எங்க காலேஜ்ல படிச்சா வேலை குடுப்பீங்களா"னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் ஆமானுதான் சொல்லுவாங்க, மரியாதைக்கு. கேக்க வேண்டியது: போன ஒரு வருஷத்துல எந்த வேலை மூணு மாசத்துக்கு மேல காலியா கிடந்துச்சு, அதுக்கு என்ன சம்பளம் குடுக்கத் தயாரா இருந்தீங்க, கடைசில யாரை எந்த நாட்டுலேர்ந்து கூட்டிட்டு வந்தீங்க. இந்த மூணுக்கும் பதில் வந்தா கோர்ஸ் லிஸ்ட் தானா வந்துடும். அதுக்கப்புறம் ஒரு படி மேல போய் ஏதாவது ஒண்ணு போடச் சொல்லுங்க, ஒரு பழைய மெஷின், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் அவங்க இன்ஜினியர், இல்லனா "வருஷத்துக்கு இத்தனை பேரை டிரெய்னியா எடுத்துக்குறோம்"னு நம்பர் போட்ட லெட்டர். மலேசியாவுல பினாங்குல 1989-ல கம்பெனிங்களே ஒண்ணு சேர்ந்து திறன் வளர்ச்சி மையம் ஆரம்பிச்சாங்களே, அது இன்னைக்கும் நிக்குறதுக்கு காரணம் கம்பெனிங்களோட கை அதுல இருக்குறதுதான்னு நான் நம்புறேன். ஒண்ணுமே போட மாட்டேன்னு சொல்ற கம்பெனியை லிஸ்ட்ல வச்சுக்கலாம், ஆனா கணக்குல சேக்காதீங்க.

ரெண்டாவது, நீங்க குடுக்குற சான்றிதழுக்கு மதிப்பு இருக்கா. ஜப்பான்ல செத்தது இங்கதான்னு மேல சொன்னேன். மூணு பக்கம் பாக்கணும். அங்க இருக்குற அமைச்சகம் இதை ஏத்துக்குமா, அரசாங்க வேலைக்கு செல்லுமா. உங்க தாய் நாட்டு அங்கீகார அமைப்பு இதுக்கு ஒத்துக்குமா, அமெரிக்கக் காலேஜா இருந்தா ஒரு கோர்ஸோட பாதி இல்ல அதுக்கு மேல வேற இடத்துல நடத்துறதுக்கு அங்கீகார அமைப்புகிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும், அட்மிஷன் போட்டுட்டு அப்புறம் கேக்க முடியாது. மூணாவது, மேல படிக்கப் போற பையனுக்கு எந்த யூனிவர்சிட்டி கிரெடிட்டை எடுத்துக்கும், அது வாய் வார்த்தையா இல்லாம பாடத்துக்குப் பாடம் டேபிள் போட்டு கையெழுத்தா இருக்கணும். சான்றிதழ் அட்டெஸ்டேஷனையும் மறந்துடாதீங்க, கல்ஃபுக்குப் போன நம்ம ஆளுங்களைக் கேட்டா தெரியும், எம்பசி சீல் ஒண்ணு இல்லாம எத்தனை மாசம் உக்காந்திருந்தாங்கனு. சில நாட்டுக்கு அப்போஸ்டில்னு ஒரு அரசாங்க முத்திரை போதும், சிலதுக்கு எம்பசி வரைக்கும் போகணும், எதுனு முன்னாடியே பாத்து மாணவர் கையேட்டுல எழுதிடுங்க. இந்தியாவுக்குள்ள வர நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு, யூஜிசி 2023-ல போட்ட வெளிநாட்டுக் கிளை விதிப்படி உலகத் தரவரிசைல முதல் 500-க்குள்ள இருக்குற நிறுவனங்களுக்குத்தான் பொதுவா கதவு, அதனால ரெண்டு வருஷ காலேஜ் தனியா கிளை போடுறது ரொம்பக் கஷ்டம்.

பணம். மூணு வழி இருக்கு, மூணுலயும் கேக்க வேண்டிய ஒரே கேள்வி, பசங்க வரலன்னா நஷ்டம் யாருக்கு. அந்த நாட்டு அரசாங்கமே காசு குடுத்து நடத்தச் சொல்றது ஒண்ணு, இதுல உங்களுக்கு ரிஸ்க் கம்மி. கனடாவுல நியூஃபவுண்ட்லாண்ட்ல இருக்குற காலேஜ் ஆஃப் தி நார்த் அட்லாண்டிக் கத்தார்ல 2002-ல ஆரம்பிச்சது இந்த வகை. அந்த மாகாணத்துல காட் மீன்பிடிப்பு 1992-ல நின்னு போய், கடல்ல கச்சா எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க, இந்தப் பக்கம் கத்தார்ல எல்என்ஜி (திரவ எரிவாயு) ஏத்துமதி சூடு பிடிச்ச நேரம், அதனால இன்ஜினியரிங் டெக்னாலஜி, ஹெல்த், ஐடி, பிசினஸ்னு பாடங்கள் ரெண்டு பக்கமும் ஒட்டுச்சு. ரெண்டாவது, கூட்டுக் கம்பெனி, லாபமும் நஷ்டமும் பங்கு. மூணாவது பேரையும் சிலபஸையும் மட்டும் குடுக்குறது, மலேசியாவுல நிறைய பேரு ட்வின்னிங்னு, உள்ளூர்ல கொஞ்ச வருஷம், வெளிநாட்டு யூனிவர்சிட்டில மிச்சம்னு படிச்சாங்களே அந்த மாதிரி. எதுவா இருந்தாலும் பட்ஜெட்டை பாதி சேர்க்கைக்குப் போடுங்க. உதாரணத்துக்கு வருஷம் 60 பேரு வருவாங்கனு தோணுச்சுன்னா 30-35 பேருலயே கதவு திறந்திருக்குற மாதிரி கணக்கு வரணும், வரலன்னா கோர்ஸைக் குறைங்க. ஃபீஸ் உள்ளூர் காசுல வரும், வாத்தியார் சம்பளம் டாலர்ல போகும், யென் கதையைத் திருப்பி நினைச்சுப் பாருங்க, காசு மதிப்பு பாதியா ஆனா என்ன பண்ணுவீங்கனு ஒரு வரி ஒப்பந்தத்துல இருக்கணும். அந்த நாட்டு வரி, உங்க பணத்தை வெளிய எடுக்க சென்ட்ரல் பேங்க் விதி இதுக்கெல்லாம் உள்ளூர் ஆடிட்டரை வச்சுக்கங்க, உங்க ஊர் ஆடிட்டருக்குத் தெரியாது.

சவூதில 2013-ல ஜசான்ல போய் ஆரம்பிச்ச கனடா காலேஜ் அல்காங்க்வின் 2016-ல நஷ்டத்தோட வெளிய வந்துச்சு, அந்த நேரம் ஆண்களுக்கு மட்டும்னு ஒரு வளாகத்தை ஒரு பொதுக் காலேஜ் நடத்தலாமானு கனடாவுல பெரிய சர்ச்சையும் ஓடுச்சு. இந்தக் கேள்வியை உங்க போர்டு முதல் மீட்டிங்லயே பேசி முடிச்சிடணும். பொண்ணுங்க படிக்க முடியாத இடத்துக்கு நான் போக மாட்டேன், அது என் முடிவு, உங்க முடிவு வேறயா இருந்தா அதை வெளிப்படையா எழுதி வச்சிட்டுப் போங்க.

அடுத்தது பட்டறை. இதுல நான் நேர்ல பட்ட கஷ்டம் ஒண்ணு இருக்கு. ஒரு காலேஜ்ல நான் இருந்தப்போ வட அமெரிக்காவுலேர்ந்து லேத், கிரைண்டர், டிரில்லிங் மெஷின்னு ஒரு கன்டெய்னர் நிறைய அனுப்புனோம், நல்ல மெஷின்கள், லேப்ல ஓடிக்கிட்டு இருந்ததுதான். 120 வோல்ட் மெஷின், அங்க 220, சரி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கலாம்னு விட்டுட்டோம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாத்தும், ஃப்ரீக்வன்சியை மாத்தாது. இங்க 60 ஹெர்ட்ஸ், அங்க 50. 1800 சுத்து சுத்த வேண்டிய மோட்டார் 1500 சுத்துது, சூடாகுது, ரெண்டு மோட்டார் முதல் மாசமே கருகிப் போச்சு. முதல் செமஸ்டர் முழுக்க பசங்க மெஷினைத் தொடாம கரும்பலகைல படம் பாத்துப் படிச்சாங்க, எனக்கு இன்னைக்கும் அந்தப் பசங்க முகம் மறக்கல. அதனால மெஷினை அங்கயே வாங்குங்க, அந்த ஊர் ஃபேக்டரில என்ன மெஷின் ஓடுதோ அதை வாங்குங்க, ஸ்பேர் பார்ட்ஸும் ரிப்பேர் பண்ற ஆளும் பக்கத்துலயே கிடைப்பாங்க. அப்படியும் அனுப்பித்தான் ஆகணும்னா ஏற்றுமதிக் கட்டுப்பாடு லிஸ்டைப் பாருங்க, அஞ்சு ஆக்சிஸ் சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற வெட்டுற மெஷின்) மாதிரி சில கருவிக்கு லைசென்ஸ் இல்லாம துறைமுகம் தாண்டாது. வெல்டிங்க்கு பூத் எண்ணிக்கைதான் சேர்க்கை எண்ணிக்கை, 16 பூத் இருந்தா ஒரு ஷிஃப்டுக்கு 16 பேரு, அதுக்கு மேல எடுத்தா மிச்சம் பேரு வேடிக்கைதான் பாப்பாங்க.

மொழிக்கு தனி பட்ஜெட், தனி வாத்தியார், தனி காலக்கெடு. முதல் ஆறு மாசம் இங்கிலீஷோட சேத்தே பட்டறையையும் ஆரம்பிச்சிடுங்க, மைக்ரோமீட்டரைக் கையில வச்சுக்கிட்டு "மைக்ரோமீட்டர்"னு சொல்லக் கத்துக்குறது சீக்கிரம் ஏறும், பசங்களும் ஓட மாட்டாங்க. உள்ளூர் மொழில பாதுகாப்புப் போர்டு கட்டாயம்.

நாள்காட்டியையும் பாருங்க. ஜப்பான்ல ஸ்கூல் மார்ச்ல முடியும், அமெரிக்க காலேஜ் செப்டம்பர்ல திறக்கும், நடுவுல ஆறு மாசம் பையன் வேற இடத்துல சேந்துடுவான். கத்தார்ல வெள்ளி சனி லீவு, ரமலான்ல நேரம் மாறும். வியட்நாம்ல டெட் புத்தாண்டு நேரத்துல ஒரு ஆளும் வர மாட்டாங்க.

வாத்தியாருங்க பத்தி. வெளிய இருந்து வர்றவர் ரெண்டு வருஷத்துல திரும்பிப் போயிடுவாரு, வீடு, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், டிக்கெட், இன்சூரன்ஸ்னு சம்பளத்துக்கு மேல செலவு. அதனால முதல் நாள்லேர்ந்தே ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒரு உள்ளூர் ஆளைப் போடுங்க, உதவியாளரா இல்ல, அடுத்த வாத்தியாரா. வியட்நாம்ல டிரா வின்னு மெக்காங் டெல்டாவுல ஒரு மாகாணம், 2001-ல கனடா உதவியோட அங்க ஒரு கம்யூனிட்டி காலேஜ் ஆரம்பிச்சாங்க, உள்ளூர் ஆளுங்களையே வச்சு, நெல்லு, இறால், தென்னைனு அந்த ஊருக்கு என்ன வேணுமோ அதைப் பாத்து. 2006-ல அது யூனிவர்சிட்டியா ஆயிடுச்சு. கத்தார் காலேஜும் 2022-ல தோஹா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்னு அவங்களோடதா ஆயிடுச்சு. போர்டுல சில பேரு இதைப் பாத்து "நம்ம கையை விட்டுப் போச்சே"னு வருத்தப்படுவாங்க. நான் அப்படிப் பாக்கல. இருபது வருஷம் கழிச்சு அவங்க கையில நிக்குற காலேஜ்தான் நீங்க நல்லா பண்ணீங்கங்கறதுக்கு சாட்சி, அதனால பத்தாவது வருஷம் யாருகிட்ட என்ன ஒப்படைப்பீங்கனு முதல் ஒப்பந்தத்துலயே எழுதுங்க. அந்தக் காலேஜ்ல படிச்சவங்க அங்க பர்ச்சேஸ் மேனேஜரா, பிளான்ட் சூப்பர்வைசரா உக்காந்திருப்பாங்க, உங்க ஊர் கம்பெனி போன் பண்ணா எடுப்பாங்க.

இப்போ அண்ணன் கேட்ட கேள்வி, இடம். வாடகை, அதுவும் முதல் மூணு வருஷம் இருக்குற கட்டடத்துல. சென்னை ஐஐடி 2023-ல தான்சானியாவோட சான்சிபார்ல போய் ஆரம்பிச்சப்பவே தற்காலிக வளாகத்துல, டேட்டா சயின்ஸ்ங்கற ஒரே துறையோடதான் ஆரம்பிச்சாங்க, அவ்வளவு பெரிய நிறுவனமே அப்படி. கான்க்ரீட் தரை, மூணு ஃபேஸ் கரண்ட், லாரி திரும்ப இடம், பஸ் ஸ்டாப் நடக்குற தூரம், இது இருந்தா போதும். எல்லாம் சேத்து முதல் முதலாளியைப் பாத்த நாள்லேர்ந்து முதல் கிளாஸ் வரைக்கும் ரெண்டு வருஷம் வச்சுக்கங்க, அதுல அங்கீகாரத்துக்கே ஒரு வருஷம் போயிடும்.

கடைசியா ஒண்ணு, நல்ல காரியம் ஆரம்பிக்குறப்போ ஏன் இதைப் பேசணும்னு போர்டுல முகம் சுளிப்பாங்க, ஆனாலும் விடாதீங்க. மூடுனா என்ன பண்றதுங்கற திட்டம். மேல சொன்ன ஜப்பான் கிளைகள்ல அகிதா 2003-ல மூடுச்சு, நகாஜோ 2007-ல. அகிதாவுல அதே வளாகத்துல அடுத்த வருஷமே அகிதா சர்வதேசப் பல்கலைக்கழகம் வந்துச்சு, எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இருக்காது. பாதிப் படிப்புல இருக்கறவங்களை முடிச்சு அனுப்புற வரைக்கும் வகுப்பு நடத்த ஒரு செமஸ்டர் சம்பளமாவது தனிக் கணக்குல, ரெண்டு பேரு கையெழுத்து இல்லாம எடுக்க முடியாத மாதிரி போட்டு வைங்க. அப்புறம் மார்க் ஷீட். இருபது வருஷம் கழிச்சு அங்க படிச்ச ஒரு பொண்ணு வேற நாட்டுக்கு வேலைக்குப் போறப்போ டிரான்ஸ்கிரிப்ட் கேப்பா, அப்போ கிளை இருக்காது, அந்த ஆபீஸ் நம்பர் இருக்காது. எந்த ஆபீஸ் அந்த ரெக்கார்டை வச்சிருக்கும், எந்த முகவரிக்கு எழுதினா எத்தனை நாள்ல அனுப்புவாங்கனு ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை, முதல் அட்மிஷன் ஃபாரம் அச்சடிக்குறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க, அந்த ஃபாரத்தோட பின் பக்கத்துலயே அதை அச்சடிச்சுக் குடுத்துடுங்க.